கடைசி பெஞ்ச் உலகம்: இடியாத ஸ்கூல்... இடிந்து போன ஓனர்!

இன்டர்னல்ஸ் நெருங்குது, ரெக்கார்ட் நோட்டு பாதிதான் முடிஞ்சிருக்கு, லேப்ல வைவா வேற. அதெல்லாம் ஒரு ஓரமா கிடக்கட்டும். இந்த வாரம் நம்ம பெஞ்ச் போய் இறங்கற இடம், சீனாவின் சிச்சுவான் மாகாணம். பாண்டா கரடிகளும் காரசாரமான சாப்பாடும் ஃபேமஸான ஊர். அங்கே லியு ஹான் என்று ஒரு சுரங்க அதிபர் இருந்தார். பணக்காரர், அரசியல் ஆலோசகர், வள்ளல், கடைசியில் மரண தண்டனைக் கைதி. ஒரே ஆள்தான் பாஸ், நாலு கெட்டப்!

இவர் கதையை இவர்கிட்டே இருந்து ஆரம்பிக்கப் போறதில்லை. ஒரு பில்டிங்கில் இருந்து ஆரம்பிக்கலாம்.

மதியம் 2.28

2008 மே 12, திங்கட்கிழமை. பிள்ளைகள் எல்லாம் கிளாஸில் இருக்கும் நேரம். மதியம் 2.28-க்கு சிச்சுவானின் வென்சுவான் பகுதியில் பூமி குலுங்கியது. ரிக்டர், கிக்டர் என்று பலரும் பல கணக்கு சொன்னாலும் அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்கு 7.9, சீனாவின் கணக்கு 8.0. சுமார் 69 ஆயிரம் பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட 18 ஆயிரம் பேரைக் காணவே இல்லை.

இதில் சீன மக்களை உலுக்கி எடுத்த விஷயம், பள்ளிக்கூடங்கள். பக்கத்துக் கட்டடங்கள் விரிசலோடு நிற்க, நடுவில் இருந்த ஸ்கூல் மட்டும் அப்பளமாக நொறுங்கிய காட்சிகள் பல ஊர்களில். இறந்த, காணாமல் போன மாணவர்கள் 5,335 பேர் என்று ஒரு வருஷம் கழித்து அரசே கணக்கு கொடுத்தது. இப்படி இடிந்த கட்டடங்களுக்கு சீனர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'டோஃபு சக்கை'. சோயா பாலில் டோஃபு செய்தது போக மிஞ்சுமே, பிசுபிசுவென்று ஒரு சக்கை... தொட்டாலே உதிரும். அதுதான் கட்டடத்தின் தரம் என்று அர்த்தம்.

பெய்சுவான், மிக மோசமாக அடி வாங்கிய இடங்களில் ஒன்று. ஊரே தரைமட்டம். அந்த வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி மட்டும் கம்பீரமாக நின்றது. உள்ளே இருந்த பிள்ளைகள் உயிரோடு வெளியே வந்தார்கள். அதில் எழுபது சொச்சம் பிள்ளைகளை ஆசிரியர்கள் மலைப்பாதையில் நடத்தியே பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்டர்நெட் முழுக்க அந்த ஸ்கூலின் புகழ்தான். அதன் பெயர்... 'லியு ஹான் நம்பிக்கைத் தொடக்கப் பள்ளி'. நம்ம ஆள் நன்கொடையில் கட்டியது!

எப்படி நின்றது? கட்டும்போது லியு ஹானின் 'ஹான்லாங்' கம்பெனி தன் ஆளை அனுப்பி வேலையைக் கண்காணித்தது, ஜல்லியில் மண் கலந்திருக்கிறது என்று கான்ட்ராக்டரோடு சண்டை போட்டது என்றெல்லாம் அப்போது பத்திரிகைகள் எழுதின. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இங்கே தலையாட்டுவீர்கள். ஜல்லி மேல் களிமண் ஒட்டியிருந்தால் சிமென்ட் அதைப் பிடிக்காது. பிடிக்காத கான்கிரீட் பார்க்க கல் மாதிரி இருக்கும், குலுக்கினால் பொலபொல. கழுவிப் போட்ட ஜல்லிக்கும் கழுவாத ஜல்லிக்கும் நடுவில்தான் ஒரு கிளாஸ்ரூம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

சரி, இவ்வளவு நல்ல காரியம் பண்ணின மனுஷன் யாரு? ஓவர் டு ஃப்ளாஷ்பேக்!

மரக்கட்டையில் இருந்து மாளிகைக்கு

1965-ல் சிச்சுவானின் குவாங்ஹான் ஊரில் பிறந்தவர் லியு ஹான். சீனா கதவைத் திறந்துவிட்ட காலம் அது. 'பணம் சம்பாதிப்பது பாவம் இல்லை' என்று அரசாங்கமே சொல்ல ஆரம்பித்த 1980-களில், மரம், கட்டடப் பொருட்கள் என்று சின்னச் சின்ன வியாபாரம். 90-களின் தொடக்கத்தில் தம்பி லியு வெய்யோடு சேர்ந்து வீடியோ கேம் கடைகள். பேர்தான் கேம் கடை. காசு வைத்து ஆடுகிற மெஷின்கள் உள்ளே. அங்கே இருந்து நேராக ஒரு ஜம்ப், ஃப்யூச்சர்ஸ் மார்க்கெட்டுக்கு. நாளைக்கு வரப்போகிற சரக்குக்கு இன்றைக்கே விலை பேசுகிற சூதாட்டச் சந்தை. அதில் கொட்டியது பணம்.

ஒருத்தருக்குக் கொட்டினால் இன்னொருத்தருக்குக் கொட்டிப் போகணுமே! பெய்ஜிங்கைச் சேர்ந்த யுவான் பாவோஜிங் என்ற கோடீஸ்வரர் அந்த ஆட்டத்தில் பெருந்தொகையை இழந்தார். லியு ஹான் தில்லுமுல்லு பண்ணிவிட்டார் என்று அவருக்குக் கடுப்பு. 1997-ல் ஆள் வைத்துச் சுட்டார். குறி தப்பியது. லியு ஹான் தப்பித்தார்.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கொலை முயற்சிக்கு ஏற்பாடு செய்த ஆள், பிற்பாடு யுவானையே மிரட்டிப் பணம் கேட்க, 2003-ல் அவரும் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக யுவானுக்கு 2006-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. எதிரி காலி. நம்ம ஆள்? அதே 1997-ல் 'ஹான்லாங்' குழுமத்தைத் தொடங்கி, நீர்மின்சாரம், ரியல் எஸ்டேட், ரசாயனம், சுரங்கம் என்று பறந்துகொண்டிருந்தார். 2012-ல் ஃபோர்ப்ஸ் போட்ட சீனப் பணக்காரர் பட்டியலில் 148-வது இடம். தான் எப்பவும் ஜெயிக்கிற ஆள் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கு 2010-ல் பெருமையாகப் பேட்டி வேறு.

நாற்காலி வேணும்ல?

சீனாவில் காசு மட்டும் இருந்தால் போதாது, நாற்காலியும் வேண்டும். அங்கே 'மக்கள் அரசியல் ஆலோசனை மாநாடு' என்று ஒரு அமைப்பு. தேசிய அளவில் ஒன்று, ஒவ்வொரு மாகாணத்திலும் ஒன்று. சட்டம் போடும் அதிகாரம் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கட்சிக்காரர்கள், விஞ்ஞானிகள், நடிகர்கள், தொழிலதிபர்கள் எல்லாம் இருப்பார்கள்.

ஆலோசனை மட்டும்தானே, அதில் என்ன இருக்குனு கேட்கறீங்களா? அந்தக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லியு ஹான் சிச்சுவான் மாகாண அமைப்பில் உறுப்பினரானார். நிலைக்குழு வரை போனார். உள்ளூர் போலீஸ்காரர் ஒருத்தர் தன் மேல் ஃபைல் திறக்கணும்னா, முதலில் அந்த நாற்காலியை நினைத்துப் பார்ப்பார் இல்லையா?

தம்பி லியு வெய்யும் சும்மா இல்லை. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி ஓடியவர்களில் அவரும் ஒருவர். நிலநடுக்கம் நடந்த அதே வருஷம். அண்ணன் பேரில் இடியாத ஸ்கூல், தம்பி கையில் ஒலிம்பிக் தீபம். வேறென்ன கேரக்டர் சர்ட்டிஃபிகேட் வேணும்?

கேமரூன் வரை நீண்ட கை

2009-க்குப் பிறகு ஹான்லாங்குக்கு வெளிநாட்டு மோகம். சீனாவில் ஊருக்கு ஊர் பில்டிங், பாலம், ரயில். எல்லாவற்றுக்கும் ஸ்டீல். ஸ்டீலுக்கு இரும்புத்தாது. உறுதியான ஸ்டீலுக்கு மாலிப்டினம். (மாலிப்டினம் பற்றிக் கீழே தனியா சொல்றேன், மெட்டலர்ஜி அலர்ஜி இருக்கிறவங்க அதைத் தாண்டிப் போயிடலாம்!)

மேற்கு ஆஸ்திரேலியாவில் மாலிப்டினம் திட்டம் வைத்திருந்த 'மாலி மைன்ஸ்' கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஹான்லாங் கைக்கு வந்தன. அமெரிக்காவின் நெவாடாவில் 'ஜெனரல் மாலி' கம்பெனியோடு 2010-ல் ஒரு ஒப்பந்தம்: பங்கு வாங்குவதோடு, சீன அரசு வங்கியில் இருந்து 66.5 கோடி டாலர் கடனுக்கும் ஹான்லாங் ஏற்பாடு செய்யும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மீன், 'சன்டான்ஸ் ரிசோர்சஸ்'. ஆஸ்திரேலியக் கம்பெனி, இரும்புத்தாது இருப்பதோ ஆப்பிரிக்காவில், கேமரூனும் காங்கோ குடியரசும் தொட்டுக்கொள்ளும் காட்டுக்குள். தாதுவைக் கடலுக்குக் கொண்டுவர 500 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை போடணும், புதுத் துறைமுகம் கட்டணும். ஏற்கெனவே சோகத்தில் இருந்த கம்பெனி அது. 2010 ஜூனில் அதன் இயக்குநர் குழு மொத்தமும் ஒரே விமானத்தில் சுரங்கத்தைப் பார்க்கப் போய், காங்கோ காட்டில் விழுந்து இறந்துபோனது. அடுத்த வருஷம் ஹான்லாங் வந்து நின்றது: 'கம்பெனியை நாங்களே வாங்கிக்கிறோம்.' பேச்சு 165 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் போனது. பிறகு இரும்பு விலை சரிய, ஹான்லாங் பேரம் பேசி விலையைக் குறைத்தது. கேமரூனில் ரயில் வரும், வேலை வரும் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் சிட்னியில் இன்னொரு கூத்து. ஹான்லாங் எந்தக் கம்பெனியை வாங்கப் போகிறது என்று உள்ளே இருப்பவருக்கு முன்கூட்டியே தெரியுமே! அந்த ரகசியத்தை வைத்து, ஹான்லாங்கின் ஆஸ்திரேலியக் கிளையின் நிர்வாக இயக்குநரே ஷேர் வாங்கிச் சம்பாதித்தார். ஆஸ்திரேலிய அதிகாரிகள் துரத்த, நாட்டைவிட்டுப் போனவர் ஹாங்காங்கில் பிடிபட்டார். 2016-ல் எட்டு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை. கம்பெனியின் வாசனை எப்படி இருந்திருக்கும்னு புரியுதா?

டீக்கடையில் விழுந்த மூணு பேர்

இப்போ மறுபடியும் குவாங்ஹான். 2009 ஜனவரி 10. திறந்தவெளி டீக்கடை ஒன்றில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் லியு வெய்யின் பழைய எதிரி. சமீபத்தில்தான் சிறையில் இருந்து வந்தவர். பட்டப்பகலில் சுட்டார்கள். மூன்று பேரும் அவுட். தீபம் ஏந்தி ஓடின தம்பி, சில மாதத்திலேயே போலீஸ் தேடும் குற்றவாளி!

ஆனால் நாலு வருஷம் தம்பி கிடைக்கவே இல்லை. அண்ணன் நாற்காலியும் ஆடவில்லை.

2013 மார்ச்சில் லியு ஹான் பெய்ஜிங்கில் பிடிபட்டார். தலைமறைவாக இருந்த தம்பிக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பதுதான் முதலில் வெளியே வந்த தகவல். அடுத்த மாதமே சன்டான்ஸ் டீல் அம்போ. நெவாடா கடனும் அம்போ. ஒரு ஆள் உள்ளே போனதும் மூணு கண்டத்தில் கதவு சாத்தியது பாருங்க.

2014 மார்ச் கடைசியில் ஹூபே மாகாணத்தின் ஸியன்னிங் நகரில் விசாரணை. சொந்த மாகாணத்தில் வைத்தால் சாட்சியும் நீதிபதியும் நிம்மதியாக இருக்க முடியாது என்று வேறு மாகாணம். மொத்தம் 36 பேர் மேல் வழக்கு. கொலை, ஆள்கடத்தல், சட்டவிரோத ஆயுதம், சூதாட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, இருபது வருஷமாக மாஃபியா கும்பல் நடத்தியது. கும்பலால் ஒன்பது பேர் செத்தார்கள் என்றது அரசுத் தரப்பு. லியு ஹான் மறுத்தார். கோர்ட்டில் அவர் அழுததை டி.வி-யில் காட்டினார்கள்.

மே 23-ல் தீர்ப்பு: அண்ணன், தம்பி உள்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை. ஆகஸ்ட்டில் அப்பீல் தள்ளுபடி. 2015 பிப்ரவரி 9-ல் ஐந்து பேருக்கும் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிடிபட்டதில் இருந்து கணக்குப் போட்டால், ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

குடை பிடிச்சது யாரு?

சீனாவில் இப்படிப்பட்ட கும்பல்களுக்குப் பின்னால் இருக்கும் அதிகாரிகளை 'பாதுகாப்புக் குடை' என்பார்கள். அழகான வார்த்தை. மழை பெய்தாலும் நனையாது. லியு ஹானுக்குக் குடை பிடித்த போலீஸ், அரசு வழக்கறிஞர் என மூன்று பேர் அதே விசாரணையில் சிறைக்குப் போனார்கள். ஆனால் இருபது வருஷத்துக்கு மூணு பேர் குடை போதுமா பாஸ்?

கொஞ்சம் மேலே பாருங்க. லியு ஹான் உட்கார்ந்திருந்த அதே சிச்சுவான் ஆலோசனை மாநாட்டின் தலைவர் லி சோங்ஸி, 2013 டிசம்பரில் விசாரணை வளையத்துக்குள் வந்து, 2015-ல் லஞ்ச வழக்கில் 12 வருஷ சிறைக்குப் போனார்.

இன்னும் மேலே. 1999 முதல் 2002 வரை சிச்சுவான் கட்சிச் செயலாளராக இருந்தவர் ஸோ யோங்காங். பிற்பாடு நாட்டின் போலீஸ், கோர்ட், உளவு எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த, சீனாவின் டாப் ஒன்பது தலைவர்களில் ஒருவர். அவருடைய மகனுக்கும் லியு ஹானுக்கும் வியாபாரத் தொடர்பு இருந்ததாகச் சீனப் பத்திரிகைகளே எழுதின. 2015 ஜூனில் ஸோவுக்கு ஆயுள் தண்டனை. அந்த விசாரணை பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தது.

தேதிகளைக் கவனிச்சீங்களா? கீழே இருந்தவருக்கு பிப்ரவரியில் மரணம். மேலே இருந்தவருக்கு ஜூனில் ஆயுள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஒரு ஆள், பெரிய வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே இல்லாமல் போனார். கிரிமினல் வழக்குகளில் 99 சதவிகிதத்துக்கு மேல் குற்றவாளி என்றே தீர்ப்பு வரும் நாடு அது. அதற்காக லியு ஹான் அப்பாவினு நான் சொல்ல வரலை. டீக்கடையில் செத்த மூணு பேர் நிஜம். ஆனா இருபது வருஷமா தெரியாத குற்றம், மேலே இருந்த குடை ஆட்டம் கண்ட உடனே எப்படி பளிச்சுனு தெரிஞ்சது? இந்தக் கேள்வியை அந்தக் கோர்ட் கேட்கவில்லை.

மாலிப்டினம் - டூ மினிட்ஸ்

சின்னமா ஒரு கிளாஸ். உருகுநிலை சுமார் 2,620 டிகிரி செல்சியஸ். இரும்பைவிட ஆயிரம் டிகிரிக்கு மேல் அதிகம். கடல் தண்ணியைத் தாங்குகிற 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ரெண்டு, மூணு சதவிகிதம் இதுதான். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி: கொஞ்சம்தான் போடணும், போடலைனா தெரிஞ்சுடும். வைவாவில் கேட்டா எனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க.

அப்போ அந்த ஸ்கூல்?

இந்தக் கதையைச் சொன்னதும் எங்க ஹாஸ்டலில் ரெண்டு கட்சி ஆகிடுச்சு. 'என்ன இருந்தாலும் அத்தனை பிள்ளைகளைக் காப்பாத்தினார்டா' என்று ஒரு கட்சி. 'கொலைகாரன் கட்டின ஸ்கூலைக் கும்பிடுவியா?' என்று இன்னொரு கட்சி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை.

ரெண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகுதுனு எனக்குத் தோணுது. அந்த ஸ்கூல் நின்றதுக்குக் காரணம் லியு ஹானின் நல்ல மனசா, கெட்ட மனசா என்பது இல்லை. ஜல்லியில் மண் இருக்குனு சொன்னபோது, கான்ட்ராக்டர் பயந்து கேட்கிற அளவுக்கு அவர் கம்பெனிக்கு செல்வாக்கு இருந்தது. மற்ற பள்ளிக்கூடங்களிலும் அதே ஜல்லி வந்திருக்கும். யாராவது ஒரு சைட் இன்ஜினீயர் பார்த்தும் இருப்பார். அவர் சொன்னால் கேட்க ஆள் இல்லை. ரவுடிக்கு பயப்படுகிற கான்ட்ராக்டர், ரூல் புக்குக்கு பயப்படவில்லை. 5,335 பிள்ளைகளுக்கு வந்த வினை இதுதான்.

இதைத் தட்டிக் கேட்ட சாதாரண ஆட்கள் கதி என்ன ஆச்சு தெரியுமா? இடிந்த பள்ளிகளைத் தேடிப் போய், இறந்த பிள்ளைகளின் பட்டியல் எடுக்க முயன்ற டான் ஸுவோரென் என்கிற ஆர்வலருக்கு 2010-ல் ஐந்து வருஷ சிறை. தீர்ப்பில் எழுதின காரணம் வேறு. 1989 தியானன்மென் சம்பவம் பற்றி எழுதினார், ஆட்சிக்கு எதிராகத் தூண்டினார் என்று. அவர் சிறைக்குப் போனபோது, லியு ஹான் இன்னும் ஆலோசனை மாநாட்டு நாற்காலியில்தான் இருந்தார். டீக்கடைக் கொலை நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நாம எல்லாம் இன்னும் ரெண்டு வருஷத்தில் ஹெல்மெட் மாட்டிட்டு ஏதோ ஒரு சைட்டில், ஏதோ ஒரு பிளான்ட்டில் நிற்கப் போறவங்க. அப்போ நம்ம முன்னாடியும் ஒரு லோடு மண் கலந்த ஜல்லி வந்து இறங்கும். 'திருப்பி அனுப்பு' என்று நாம சொன்னா லாரி திரும்பிப் போகுமா, இல்லை அதுக்கும் ஒரு லியு ஹான் வேணுமா? நண்பர்களே, உங்க கிளாஸில் கேட்டுப் பாருங்க. வந்த பதில்களை எனக்கு எழுதி அனுப்புங்க.

அடுத்த வாரம் வேற நாடு, வேற ஆளு. அதுவரைக்கும்... ரெக்கார்ட் நோட்டை முடிங்கப்பா!